இலந்தைக்குக் கிழக்கே

தாயி,

நீயும் மாப்பிள்ளையும் குளத்தூரில் இறங்கியதையும், வாசலில் ஆரத்தி எடுத்து உங்களை உள்ளே கூட்டிப் போனதையும் தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்து அன்று சாயங்காலமே நம் ஊர் பஸ் கண்டக்டர் சொல்லிவிட்டான். அதுவரைக்கும் பஸ்ஸை நிறுத்தி வைத்திருந்தானாம். உள்ளே உட்கார்ந்திருந்த சனம் அவனை என்ன திட்டியதோ தெரியவில்லை. அதைக் கேட்ட பிறகுதான் உன் அம்மாவுக்குச் சோறு இறங்கியது. நானும் சாப்பிட்டேன், ஆனால் நான் எந்தக் காலத்திலும் சாப்பாட்டை விட்டவன் இல்லை என்பதால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இத்தனை தாளைப் பார்த்ததும் பதறிவிடாதே. இங்கே எல்லோரும் சுகம். மயிலைக்காளைக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டது. மிளகாய் இந்த வருசம் நம்மைக் கைவிடவில்லை, பழம் எடுக்க ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடு. நான் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் வத்தல் மூட்டையில் என் பெயரை மட்டும்தான். ஆனாலும் இதை நேரில் சொல்ல எனக்கு வராது. நேரில் என்றால் குரல் உயர்ந்துவிடும், யார் மேல் கோபம் என்று தெரியாமலே கத்திவிட்டு எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவேன். கல்யாணத்துக்கு முந்தின வாரம் நாலு தடவை உன்னிடம் சொல்ல வந்தேன். நாலு தடவையும் மாடுகளுக்கு வயிறு நிறையத் தண்ணீர் கிடைத்ததுதான் மிச்சம்.

நம் மேலக்காட்டு இலந்தை மரத்தைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். பெயரைப் பார்த்ததும் உன் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். பத்து வருசமாக அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொண்டு கடைசிவரை படித்துவிடு.

அந்த மரத்தை யாரும் நடவில்லை. நம் புஞ்சைக்கும் மேற்கே சவரிமுத்து புஞ்சைக்கும் நடுவில், யாரும் உழாமல் விட்டுவைக்கிற பொழியில், ஏதோ குருவி போட்ட கொட்டையிலிருந்து அது முளைத்தது. பொழியில் நிற்கிற மரம் இரண்டு பேருக்கும் பொது. அதற்கு எங்கள் இரண்டு வீட்டிலும் ஒரு வழக்கம் இருந்தது. மரத்தை உலுக்கக் கூடாது, கம்பால் அடிக்கக் கூடாது. தானாகப் பழுத்து விழட்டும். கிழக்கே விழுவது நமக்கு, மேற்கே விழுவது அவர்களுக்கு. நானும் சவரிமுத்துவும் கால்சட்டைப் பையன்களாக இருந்தபோது, மார்கழி தை மாதத்தில் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அங்கே ஓடுவோம். கிழக்கே நான், மேற்கே அவன். குனிந்தால் முதுகில் முள் கீறும். அந்த மரத்துக்கு ஒவ்வொரு கணுவிலும் இரண்டு முள், ஒன்று நேராகக் குத்தும், மற்றது வளைந்து சட்டையைப் பிடித்துக்கொள்ளும். ஒருநாள் நல்ல செம்பழம் ஒன்று என் பக்கம் விழுந்து, நிலவெடிப்பு ஓரமாக உருண்டு அவன் பக்கம் போய்விட்டது. அதற்கு இரண்டு பேரும் கட்டிப் புரண்டோம். விழுந்த இடம்தான் கணக்கு, உருண்ட இடம் கணக்கில்லை என்று அவனுடைய அப்பா தீர்த்து வைத்தார். அந்தப் பழத்தை வாங்கி நான் பாதி கடித்துவிட்டு மீதியை அவனுக்கே கொடுத்தேன். உள்ளே புழு இருந்ததைப் பார்த்த பிறகுதான் கொடுத்தேன் என்பதை அவன் சாகிற வரைக்கும் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தான்.

உனக்கும் நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அந்த மரம்தான். பாவாடையில் ஏந்திக்கொண்டு வருவாய், வாய் நிறையக் கொட்டையை வைத்துக்கொண்டு பேச்சுக் கொடுப்பாய். காய்ந்த பழத்தை உன் அம்மா வத்தல், உப்பு, வெல்லம், காயம் எல்லாம் போட்டு உரலில் இடித்துத் தட்டி இலந்தை வடை காய வைத்தால், ஈரம் காய்வதற்கு முன்னால் பாதி காணாமல் போய்விடும். சவரிமுத்து பெண்சாதி அன்னம்மாவின் இரண்டு பையன்களும் மேற்கே பொறுக்க, நீ கிழக்கே பொறுக்குவாய். ஒரு பழம் அந்தப் பக்கம் விழுந்து கிடந்தால் உன் கை அதைத் தொடாது. “அத்தை வீட்டுப் பழம், இந்தா” என்று அந்தச் சின்னவனைக் கூப்பிட்டுக் காட்டுவாய். இந்த வழக்கத்தை உனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். அதை நீ மறந்திருக்க மாட்டாய், நான்தான் மறந்தேன்.

சவரிமுத்து காய்ச்சல் கண்டு நாலே நாளில் போய்ச் சேர்ந்தான். அன்னம்மா இரண்டு பையன்களோடு எப்போதும்வென்றான் ஊரில் தாய் வீட்டில் ஒரு வருசம் இருந்தாள். அவர்கள் புஞ்சை தரிசாகக் கிடந்தது. அந்த வருசம் கோடை மழை பெய்ததும் நான் ஏர் பூட்டிக்கொண்டு மேலக்காட்டுக்குப் போனேன். பொழி வந்ததும் ஏரைத் திருப்ப வேண்டும். திருப்பவில்லை. அந்தப் பக்கம் கேட்க ஆளில்லை, மண்ணும் வெண்ணெயாகக் கிடந்தது. மரத்தைச் சுற்றிக்கொண்டு மேற்கே போய் ஒரு சால், அப்புறம் இன்னொரு சால் என்று எட்டுச் சால் உழுதுவிட்டேன். நாம் இருப்பது கரிசல் மண். மழைக்கு ஊதும், வெயிலுக்கு வெடிக்கும், அதில் எந்தக் கல்லும் நட்ட இடத்தில் நிற்காது. பழைய பொழிக்கல் எப்போதோ சாய்ந்து உள்ளே போயிருந்தது. எல்லைக்கு அடையாளமாக நின்றது அந்த மரம் ஒன்றுதான். அதுவும் இப்போது என் காட்டுக்கு நடுவில் நின்றது. பசித்து நான் இதைச் செய்யவில்லை தாயி. நமக்குச் சோற்றுக்குக் குறையில்லை. ஊரில் பெரிய புஞ்சை எவனுடையது என்று கேட்டால் என் பெயரைச் சொல்ல வேண்டும் என்று ஒரு ஆசை. அவ்வளவுதான் காரணம், இதைவிடக் கேவலமான காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அன்னம்மா திரும்பி வந்து விதைக்கப் போனவள் பார்த்துவிட்டாள். ஊர்ப் பெரியவரிடம் போய்ச் சொன்னாள். அவரும் இன்னும் நாலு பேரும் காட்டுக்கே வந்துவிட்டார்கள். மரம் ஆதியிலிருந்தே என் புஞ்சைக்குள்தான் நிற்கிறது, எல்லை அதற்கும் மேற்கே என்று நான் அடித்துப் பேசினேன். அவள் இல்லை என்றாள். அந்த நேரம் பார்த்து எனக்குக் கஞ்சித் தூக்குவாளியோடு நீ வந்து நின்றாய். அப்போது உனக்குப் பத்து வயசு, ஐந்தாம் வகுப்பு. பெரியவர் உன்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“தாயி, இந்த மரத்துல நீ பழம் பொறுக்குவியாமே. எந்தப் பக்கம் பொறுக்குவ?”

நீ என் முகத்தைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாயோ. நீ மரத்தைத்தான் பார்த்தாய்.

“இங்கன கிழக்க மட்டும் பொறுக்குவேன் தாத்தா. மேற்க விழுறது அன்னம்மா அத்தை வீட்டுக்கு. அப்பாதான் சொல்லியிருக்காவ.”

எனக்குக் காது இரண்டும் கொதித்தது. அப்போது நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தையைக்கூட மாற்றவில்லை. “அது பேச்ச எடுத்துக்கிடாதீங்க அண்ணாச்சி. வாயத் தொறந்தா பொய்தான். வீட்லயும் இப்படித்தான், ஒரு நாளைக்கி நூறு பொய் சொல்லும்.” பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் நாலு பேர் முன்னால் பெற்றவனை விட்டுவிட்டுப் பிள்ளை பேச்சை எடுத்தால் நன்றாக இருக்காது என்று விட்டுவிட்டார். மரத்துக்கு மேற்கே புதுக் கல் நட்டுவிட்டுப் போனார்கள். அன்னம்மா சண்டை போடவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. உன் தலையை ஒருதரம் தடவிவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வருகிற வழியில் நீ அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஓடைக்கு இறங்குகிற இடத்தில் நின்று கேட்டாய்: “அப்பா, இனிமே நான் எந்தப் பக்கம் பொறுக்கணும்?”

நான் உன்னை அடித்தேன். அதற்கு முன்னாலும் அடித்ததில்லை, பின்னாலும் அடித்ததில்லை.

அன்றையிலிருந்து நீ அந்த மரத்தடிக்குப் போகவில்லை. அன்னம்மாவின் பையன்கள் வரமாட்டார்கள், நீயும் போகமாட்டாய். அடுத்த தை மாதம் அந்த மரம் காய்த்த காய்ப்பு அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. தரையெல்லாம் பழம் விழுந்து வாடி வதங்கி வெள்ளாட்டுக்குப் போனது. உன் அம்மா கொஞ்சம் அள்ளி வந்து வடை தட்டினாள். உனக்குக் கொடுத்ததை நீ வாங்கி, யாருக்கும் வலிக்காத மாதிரி, பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டாய். பள்ளிக்கூடத்தில் உன்னைப் ‘புளுகுணி’ என்று கூப்பிடுகிறார்கள் என்பது எனக்கு ஒரு வருசம் கழித்துத்தான் தெரியும். எட்டாவது வரைக்கும் அந்தப் பெயர் உன்னோடு நடந்தது. அந்தப் பெயரை உனக்கு வைத்தவன் நான். ஒருநாளாவது நீ எவனிடமாவது போய், எங்கப்பாதான் அன்றைக்குப் பொய் சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஆனால் பொய் மட்டும் உனக்கு வரவே இல்லை. நம் கழுத்துக்கறுப்பு மாட்டை விற்க நான் பட்ட பாடு உனக்கு நினைவிருக்கிறதா? புதூரிலிருந்து ஒருவர் வந்து பல்லைப் பார்த்து, சுழியைப் பார்த்து, வாலைத் தூக்கிப் பார்த்து, ஒன்றும் குறை கண்டுபிடிக்க முடியாமல் பேரம் முடிகிற நேரம். தண்ணீர் கொண்டுவந்த உன்னிடம் சும்மா கேட்டார், மாடு நன்றாக உழுமா தாயி என்று. “உழும் மாமா. மத்தியானத்துக்கு மேல படுத்துக்கிடும். எந்திக்காது” என்றாய். அவர் தண்ணீரைக் குடித்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போயே போய்விட்டார். நான் அன்றைக்கு உன்னைத் திட்டிய திட்டுக்கு அந்த மாடே எழுந்து நின்றது. மறு வருசம் அதே மனுசன் வேறு மாடு கேட்டு வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. “ஒங்க வீட்ல ஒரு பிள்ளை இருக்குல்லா, அதக் கூப்பிடுங்க. அது சொல்லட்டும், கயித்த மாத்திக்கிடுதேன்” என்றார். நீ வந்து, நல்ல மாடு மாமா என்று சொன்னாய். கயிறு மாறி மாடு விலைபோனது. வெளியே நான் முணுமுணுத்துக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்கு இருந்த பெருமையை யாரிடமும் சொல்லத் தைரியம் இல்லை. சொன்னால், அப்படியானால் மேலக்காட்டில் பொய் சொன்னது யார் என்று கேள்வி வரும்.

அந்தக் கேள்வி வரத்தான் செய்தது. போன ஆவணியில் உன் மாமனார் விசாரிக்க வந்தார் அல்லவா, அவர் விளாத்திகுளம் பஸ்ஸில் வந்து ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டார். காட்டு வழியாக நடந்து வந்தவர், களை வெட்டிக்கொண்டிருந்த ஒரு பொம்பளையிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு உன்னைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அது அன்னம்மா. அவர் நம் வீட்டில் வந்து உட்கார்ந்து, காப்பியை வாங்கிக்கொண்டு, சிரித்த முகமாக என்னிடம் சொன்னார்: “அய்யா, நான் வேற யாரையும் விசாரிக்கப் போறதில்ல. ஒங்க பக்கத்துக் காட்டு அம்மா ஒரே வார்த்தை சொன்னாவ. அந்தப் பிள்ளைக்கிப் பொய் சொல்ல வராதுன்னு. எனக்கு அது போதும்.”

என்னிடம் எட்டுச் சால் நிலத்தைப் பறிகொடுத்தவள், என் வாயால் பொய்க்காரி ஆன பிள்ளைக்காகப் பேசியிருக்கிறாள். உன் கல்யாணம் என் மீசையால் நடக்கவில்லை தாயி, என் புஞ்சையால் நடக்கவில்லை. நான் எதை இல்லை என்று சொன்னேனோ அதனால் நடந்தது. அன்றைக்கே அந்த மனுசனிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இப்படிப்பட்டவன் வீட்டில் பெண் எடுப்பதா என்று அவர் எழுந்து போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம். கல்யாணம் முடியட்டும், கல்யாணம் முடியட்டும் என்று தள்ளினேன். உனக்காகத் தள்ளினேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். எனக்காகத்தான் தள்ளினேன். கல்யாணத்தன்று அன்னம்மா வந்திருந்தாள். கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, உன் நெற்றியில் திருநீறு வைக்கிற இடத்தில் சிலுவை போட்டுவிட்டுப் போனாள். நான் அந்தப் பக்கம் திரும்பிப் பாயாசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முந்தாநாள் காலையில் கடப்பாரையை எடுத்துக்கொண்டு மேலக்காட்டுக்குப் போனேன். கல் நட்டுத் தந்த பெரியவர் இப்போது இல்லை. அவர் இருக்கும்போதே செய்திருக்க வேண்டும், அந்தக் குறை எனக்கு இருந்துகொண்டேதான் இருக்கும். ஆனால் அன்னம்மா காட்டில் அன்று மிளகாய்ப் பழம் எடுப்பு. பத்துப் பதினைந்து பொம்பளைகள் நிரை பிடித்து நின்றார்கள். நாலு பெரியவர்களைக் கூட்டிச் சொல்வதைவிட இதுதான் சரி என்று பட்டது, சாயங்காலத்துக்குள் பேச்சு எட்டயபுரம் வரைக்கும் போய்விடும். நான் கல்லைப் பெயர்ப்பதைப் பார்த்ததும் எல்லோரும் நிமிர்ந்தார்கள். இன்னும் மேற்கே நகர்த்தப் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள். கல்லைத் தோளில் தூக்கிக்கொண்டு மரத்தடியில் கொண்டுவந்து போட்டேன். மூச்சு வாங்கியது. அப்புறம், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். “பத்து வருசத்துக்கு முன்னால இந்த எடத்துல வச்சி எம் மக சொன்னதுதான் உண்மை. பொய் சொன்னது நான். மரம் பொழியிலதான் நிக்கி. மேற்க உள்ளது பூராவும் அன்னம்மாவுக்கு.”

அன்னம்மா மடியில் இருந்த பழத்தைச் சாக்கில் கொட்டிவிட்டு நிதானமாக வந்து குழியைப் பார்த்தாள்.

“இன்னும் ஆழமாத் தோண்டுங்க அண்ணாச்சி. இந்த மண்ணுல மேலாக்க நட்டா சாஞ்சிரும்லா.”

தோண்டினேன். அவளே கல்லைப் பிடித்துக்கொண்டாள், நான் மண்ணைத் தள்ளி மிதித்தேன். மனசு கேட்காமல் கேட்டுவிட்டேன், நான் செய்த காரியத்துக்கு எப்படி என் வீட்டுக் கல்யாணத்துக்கு நல்ல வார்த்தை சொன்னாய் என்று. அவள் கையில் இருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னாள்:

“ஒங்களப் பத்திக் கேட்டிருந்தா வேற சொல்லியிருப்பேன். அவளப் பத்திதான கேட்டாவ.”

நிரையில் நின்ற பொம்பளைகள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். என்னை இந்த ஊரில் ஒருவர் முகத்துக்கு நேராக இப்படிச் சொல்லி நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. வேறொரு நாளாக இருந்தால் என்ன நடந்திருக்கும் என்று உனக்கே தெரியும்.

கல் தூக்கியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டு நாளாக உன் அம்மா எண்ணெய் தேய்க்கிறாள், தேய்க்கும்போதெல்லாம், பத்து வருசத்துக்கு முன்னாலேயே தூக்கியிருந்தால் இந்த வலி வந்திருக்காது என்கிறாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் இத்தனை வருசம் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். அதை நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. புருசன் வீட்டுக்குப் போன பிள்ளைக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். நாளைக்கு உனக்கும் பிள்ளைகள் பிறக்கும். என்றைக்காவது ஒருநாள் நாலு பேர் முன்னால் உன் பிள்ளை உன் பேச்சை மறுத்துப் பேசும். அப்போது உன் முகத்தில் சூடு ஏறும். அந்த நேரம் வாயைத் திறக்காதே. அது சொல்வது சரிதானா என்று மட்டும் பார். சரி என்றால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, ஆமாம் என் பிள்ளை சொல்வதுதான் சரி என்று சொல்லிவிடு. உன் மரியாதை கொஞ்சம் போகும், போனால் வந்துவிடும். உன் பிள்ளை அதைவிட மேல்.

இன்னொரு காரியம் செய். இந்தக் கடிதத்தை உன் மாமனாரிடம் படித்துக் காட்டு. எதையும் விட்டுவிடாமல் படி. விட்டுவிட்டுப் படிக்க உனக்கு வராது என்று தெரிந்துதான் சொல்கிறேன். அவர் இனிமேல் என்னை மதிக்கிறாரோ இல்லையோ, தன் வீட்டுக்கு வந்திருப்பது யார் என்று அவருக்கு முழுசாகத் தெரியட்டும். ஊரில் இப்போது என் புஞ்சை எட்டுச் சால் குறைந்துபோய்விட்டது. ஆனால் முந்தாநாளிலிருந்து நான் தெருவில் நடக்கிற நடையை நீ பார்க்க வேண்டும். இன்னார் மகள் என்று உன்னைச் சொன்ன காலம் போய், டீக்கடையில் என்னைக் காட்டி, “அந்த இலந்தை மரத்துப் பிள்ளையோட அப்பா” என்கிறார்கள். இதுவரைக்கும் எனக்குக் கிடைத்த எந்தப் பேரும் இப்படி இனித்ததில்லை. இதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை, எல்லாம் நீ சம்பாதித்தது. அதற்காக நான் பெருமைப்படாமல் இருக்க முடியுமா.

இதைத் தபாலில் போடவில்லை, நம் கண்டக்டரிடமே கொடுத்துவிடுகிறேன். கூடவே ஒரு மஞ்சள் பையும் ஒரு ஓலைக் கொட்டானும் வரும். இரண்டிலும் இலந்தைப் பழம்தான். கொட்டானில் இருப்பது மேற்கே விழுந்தது, உனக்கென்று அன்னம்மா கொடுத்தனுப்பியது. பையில் இருப்பது நம் பக்கத்தில் விழுந்தது, இந்த இடுப்போடு நான் குனிந்து பொறுக்கியது. அம்பது வயசில் மறுபடியும் முதுகில் முள் கீறிக்கொண்டேன். இரண்டையும் தின்றுவிட்டு எப்படி இருக்கிறது என்று ஒரு கார்டு போடு. புழு இருந்தால் அதையும் எழுதுவாய், தெரியும்.

மாசிக்குள் ஒருதரம் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா. மரத்தில் இன்னும் நிறையக் கிடக்கிறது. அன்றைக்கு ஓடைப் பக்கத்தில் நின்று என்னிடம் ஒன்று கேட்டாய், நான் கையால் பதில் சொன்னேன். இப்போது வாயால் சொல்கிறேன்.

நீ கிழக்கே பொறுக்கு தாயி.

உன் அப்பா